இருட்டறையில் உங்கள் கைக்கடிகாரம்

நம் பேத்தியின் தாத்தாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? அவளுக்குச் சமைத்துப் போட இந்த வெளிநாட்டுக்கு வந்த நான் சுகமாக இருக்கிறேன்.

அவள் வேலை என்ன தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று கண்ணாடிக்குள் பாய்ந்தால் துளி வெளிச்சம் வளையமாகச் சிந்துமாம். வளையத்தின் அளவை வைத்து, வந்தது இன்ன துகள் என்று சொல்லிவிடுவாளாம்! அந்தத் துளியைப் பிடிக்கும் கருவியை இருட்டறையில் சோதிக்கிறார்கள்.

நான் சாப்பாடு கொண்டுபோனால், வெளியே குளிர் என்று உள்ளே நாற்காலி போட்டுத் தருவாள். நான் உட்கார்ந்தாலே, துகள் வராமலே கருவி எண்ணும் துளிகளின் கணக்கு எகிறியது. மூன்றாம் நாள் அவள் மேலதிகாரி, "பாட்டி, உங்களக் கண்டாலே இதுக்குக் கிறுக்குப் புடிக்குது. நாளைலேருந்து வெளியவே இருங்க" என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. பையை எடுக்க உள்ளே போனவள், அங்கே உங்களுக்கு மணி என்ன என்று வழக்கம்போல் கையில் கட்டியிருந்த உங்கள் கடிகாரத்தைப் பார்த்தேன். இருட்டில் முள் பச்சையாக மின்னியது. அப்போதுதான் உறைத்தது.

"இந்தாடி உன் துகள்!" என்று கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் அதை வெளியே கொண்டுபோனதும் கணக்கு அடங்கியது. ஐந்தாவது படித்தவள் கண்டுபிடித்தது, எல்லோரிடமும் சொல்லுங்கள்.

இனி உள்ளே உட்காரலாம், ஆனால் கைதான் வெறிச்சென்று இருக்கிறது. முள் மின்னாத என் பழைய கடிகாரம் அலமாரியில் இருக்கும், அனுப்புங்கள். சாவி கொடுத்து, உங்கள் நேரத்தையே வைத்து அனுப்புங்கள்.

குக்கர் கத்துகிறது, வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி