மூன்று நாள் வீட்டிலிருந்த வைரம்

கும்ப மாதம் 12, வெள்ளிக்கிழமை.

என் பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கு நிச்சயதார்த்த மோதிரம் போட, சாலைக் கடைத்தெருவிலிருந்து வைரம் ஒன்றைக் கொண்டுவந்து வழக்கப்படி மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம். யாருக்கும் கெட்ட கனவு வரவில்லை. ராசியான கல் என்று நானும் மனைவியும் முடிவு கட்டினோம்.

இன்று காலை என் பெண் விசாலம் அதை முற்றத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, உள்ளே கீறல் இருக்கே. எல்லாரும் கனவைப் பாத்தேள், கல்லை யாருமே பாக்கலையா?”

எனக்குச் சுருக்கென்றது. கடைக்கு அவளையும் அழைத்துப் போனேன். பூதக்கண்ணாடியில் பார்த்த கடைக்காரர், வேறு கல்லை எடுத்து வைத்தார்.

“சாமீ, மோள் கெட்டிக்காரியாணல்லோ!” என்று மலையாளத்தில் என் மகளை மெச்சினார்.

வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன்.

மாப்பிள்ளை விஷயத்திலும் ஜாதகத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டோம். விசாலத்திடம் அவரையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லியிருக்கலாமோ?