வண்டிதான் வேலை செய்கிறதாம்

அக்கா,

இன்று காலை கோழிப்பண்ணையில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். பச்சைப் பெயிண்ட், சின்னப் பூட்டு, மேலே "உங்கள் யோசனைகளை இதில் போடுங்கள்" என்று எழுத்து. வேலையைச் சுலபமாக்க வழி தெரிந்தவர்கள் எழுதிப் போடலாம், நல்ல யோசனைக்குப் பரிசு உண்டு என்று முதலாளியின் மகன் சொன்னார். புதிதாக வந்த பெண்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பெட்டிக்குக் கீழேதான் முட்டை வண்டி நிற்கிறது. அது வருவதற்கு முன்னால் நாம் எப்படி இருந்தோம்! கூண்டு வரிசையில் முட்டை பொறுக்கி, அட்டைகளை அடுக்கித் தலையில் வைத்து, கோழிக் கொட்டகையான செட்டின் கடைசிவரை நடந்து இறக்கிவிட்டுத் திரும்புவோம். எச்ச நெடியில் கண் கரிக்கும். உங்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிள் சக்கரம் இரண்டையும் உடைந்த கட்டில் சட்டத்தையும் சேர்த்து நீங்களே ஒரு வண்டி கட்டினீர்கள். கூண்டுகளுக்கு நடுவே நுழையும் அகலத்தை முழம் போட்டு அளந்தீர்கள். முட்டை அதிராமலிருக்கச் சாக்கு விரித்தீர்கள்.

"பத்து அட்டையத் தள்ளிட்டே போலாஞ் சாமி, கழுத்து தப்பிச்சுது" என்றீர்கள்.

"மொதலாளிக்குக் காட்டுங்க்கா, கூலி சேத்தித் தருவாரு" என்று சொன்னவள் நான்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் பார்த்தார், மெச்சினார், ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார். அடுத்த வாரம் வெல்டிங் பட்டறையிலிருந்து அதே அளவில் நான்கு வண்டிகள் வந்தன, பண்ணைப் பெயரோடு. ஆளுக்கு ஒரு செட்டு என்றிருந்தது, ஆளுக்கு இரண்டு செட்டாயிற்று. எட்டுப் பேரில் நான்கு பேரை வரவேண்டாம் என்றார்கள். போகும்போது அவர்கள் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நமக்குக் கூலி அதேதான்.

நீங்கள் நேரே போய்க் கேட்டீர்கள். "ஏனுங்க, முன்னைக்கு ரெண்டு பங்கு முட்டை எடுக்கறமுங்க. கூலி மட்டும் அப்படியே நிக்குதுங்களே?"

அவர் சிரித்தார். "வேலைய வண்டிதான செய்யுது? நீ சும்மா தள்ளிட்டுத்தான வாரே?"

அந்த வண்டி என்ன அவர் வீட்டுச் சீதனமா? முட்டை இரட்டிப்பானால் அது வண்டியின் திறமை. முட்டை உடைந்தால் மட்டும் நம் கைத்தவறு, கூலியில் பிடிப்பார்கள். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

மறுநாள் நீங்கள் வண்டியைத் தொடவில்லை. பழையபடி தலையில் சுமந்து ஒரு செட்டை மட்டும் முடித்தீர்கள். முதலாளி வந்து அதட்டினார். "வண்டிதான செய்யுதுன்னீங்க, மிச்சத்த அதையே செய்யச் சொல்லுங்க" என்று சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். நானும் கூட வந்திருக்க வேண்டும். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, வரவில்லை. விட்டுப்போன செட்டை நான்தான் முடித்தேன், உங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு. பிறகு நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மூட்டை தைக்கப் போனீர்கள். கடைசிவரை என்னை ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது என் வரிசையில் முட்டை விரிசல் விடுவதில்லை, அக்கா. முட்டை உருண்டு வந்து மோதும் கம்பியில் பழைய சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றியிருக்கிறேன். குனிந்து பார்த்தால்தானே அவர்களுக்குத் தெரியும்?

"உங்க வரிசைல மட்டும் எப்படிங்க்கா விரிசலே இல்ல?" என்று இன்று முதலாளியின் மகன் கேட்டார்.

"கோழி நல்ல கோழிங்க" என்றேன்.

சொன்னால் பரிசாக இன்னொரு ஹாட்பாக்ஸ் கிடைக்கும். விரிசல் முட்டை பிரிக்கிற இரண்டு பேர் வீட்டுக்குப் போவார்கள். என் கூலி இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆனாலும் மத்தியானம் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போட்டேன். "முட்டை கூடும்போது எங்கள் கூலியும் கூடட்டும், ஒருவரையும் நிறுத்த வேண்டாம். அதற்குச் சம்மதம் என்றால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்." அடியில் என் பெயரையும் எழுதினேன். மகள் படிப்பு முடிந்துவிட்டது.

நாளைக் காலையில் பூட்டைத் திறப்பார்கள். தூக்குப்போசியைக் கையெட்டும் இடத்திலேயே வைத்துக்கொள்வேன், அக்கா.