ஒல்லிப் பெட்டி

மார்ச் 4

மறுபடியும் அதே சண்டை. எங்கள் புது கேம் கன்சோலின் சர்க்யூட் பலகையை வரைவது நான். அடிப்பக்கத்தில் இன்னொரு வரிசை மெமரி சிப் வேண்டும் என்கிறேன். பெட்டி அரை விரல் தடிக்கும், அவ்வளவுதான்.

வடிவமைப்பாளர் மாதிரிப் பெட்டியைக் கைக்குழந்தைபோலத் தூக்கிக் காட்டினார். “மேடம், இது இடுப்பு. இதுல போய் சதை போடச் சொல்றீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். நிறுவன இயக்குநரும். விவாதம் முடிந்தது.

மார்ச் 5

விளையாடுகிறவர்கள் பெட்டியையா பார்க்கப்போகிறார்கள்?

ஏப்ரல் 19

கேம் எழுதும் நிறுவனங்களுக்குச் சோதனைப் பெட்டிகள் போயின. தடியானவை. பிழை தேடும் வசதிக்காக மெமரி இரண்டு வரிசை. கடைக்கு வரும் பெட்டியில் இதில் பாதிதான். சொல்லிவிடுவோம் என்றேன்.

“இப்பவே சொன்னா பயந்துடுவாங்கம்மா. முதல்ல ஆசைப்படட்டும்,” என்றார் இயக்குநர்.

மின்னஞ்சலிலும் கேட்டேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை.

ஜூன் 2

தங்கை தினமும் போனில் நச்சரிக்கிறாள். “அக்கா, அந்தக் கப்பல் கேம் எப்ப வருது?” அவள் மட்டுமா? எங்கள் பெட்டியை வாங்க ஜனங்களுக்கு இருக்கும் ஒரே காரணம் அந்தக் கேம்தான்.

ஆகஸ்ட் 11

கப்பல் கேம் எழுதியவர் வந்தார். கடைப்பெட்டி அவர் கைக்குப் போன வாரம்தான் போயிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினார். சோதனைப் பெட்டியில் கப்பல் மிதந்து போனது. கடைப்பெட்டியில் துறைமுகம் தாண்டுவதற்குள் திரை உறைந்துவிட்டது.

“ருசி பாக்க ஒண்ணு குடுத்துட்டு, மூட்டையில வேற ஒண்ணு கட்டிட்டீங்களே சார்.”

“கொஞ்சம் சுருக்கிக்கலாமே?” — இயக்குநர்.

“எதை? கடலையா?”

வடிவமைப்பாளர் சன்னலுக்கு வெளியே எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். போங்கடா நீங்களும் உங்க இடுப்பும்.

ஆகஸ்ட் 12

இப்போது கேட்கிறார்கள், மெமரி கூட்ட முடியுமா என்று. இப்போது! பெட்டிகளைக் கிடங்கில் கூரைவரை அடுக்கியாகிவிட்டது. எங்கே கூட்டுவது, என் தலையிலா?

நவம்பர் 23

வெளியீடு. எல்லாப் பத்திரிகையிலும் ‘என்ன அழகு!’ கேம்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்தால்தானே.

பிப்ரவரி 9

தங்கை வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கூடத்தில் எதன்மேலோ அவசரமாகத் துண்டைப் போட்டாள். விலக்கினேன். போட்டி நிறுவனத்தின் கன்சோல். தடியாக, பார்க்கச் சகிக்காமல்.

“தப்பா நினைக்காதக்கா. கப்பல் இதுலதான் வந்திருக்கு.”

வயரை எங்கே செருகுவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். செருகிக்கொடுத்தேன்.

இரண்டாவது கன்ட்ரோலரைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.