தலைகீழ் முத்திரை

1919 செப்டம்பர் 9, டோக்கியோ

கடற்படை அலுவலகத்தில் இன்று கேப்டன் இவாட்சுகி கூப்பிட்டார். "நகோஷி, இருக்கிற நிலமே போதும், இனிமே புதுசா பிடிக்க வேண்டாம்னு நாடு முடிவு பண்ணா, நமக்கு எத்தனை கப்பல் வேணும்? எழுதிக் கொண்டா." விளையாட்டாகக் கேட்கிறாரோ? முகத்தில் சிரிப்பே இல்லை.

செப்டம்பர் 21

எழுத எழுதப் பட்டியல் சுருங்குகிறது. மேலிடம் கேட்கிற பதினாறு பெரிய போர்க்கப்பல்கள் எதற்கு? எட்டு போதும். மிச்ச இரும்பில் அரிசிக் கப்பலுக்கும் எண்ணெய்க் கப்பலுக்கும் காவல் போகிற சின்னக் கப்பல்கள் கட்டலாம். போன வருஷம் அரிசிக்காக ஊர் ஊராகக் கலவரம் நடந்ததே, அதற்குள் மறந்துவிட்டதா? ரஷ்யப் புரட்சியில் தலையிடப் போன நம் தரைப்படை சைபீரியாவை விட்டுத் திரும்ப வேண்டும்.

கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். தம்பி யசுகி அங்கேதான் சிப்பாயாக இருக்கிறான். அவனுக்காக எழுதுகிறேனா, நாட்டுக்காகவா? இரண்டுக்கும்தான்.

அக்டோபர் 3

யசுகியின் கடிதம். "அண்ணே, இங்க எதுக்கு நிக்கிறோம்னு எங்க மேஜருக்கே தெரியல. கம்பளிக் காலுறை அனுப்பு."

அக்டோபர் 17

அறிக்கை ஐந்து மேஜை சுற்றித் திரும்பி வந்தது. நான்கு சிவப்பு முத்திரைகள் நேராக. இவாட்சுகியுடையது மட்டும் தலைகீழாக. 'தடுக்கவில்லை, ஆனால் எனக்குச் சம்மதமில்லை' என்று எங்களிடம் அதற்கு அர்த்தம். மேலதிகாரி அப்படி வைத்தால் தாள் அலமாரிக்குத்தான் போகும்.

எழுதச் சொன்னதே அவர்தானே! சே, என்ன மனுஷன்!

பக்கத்து மேஜை ஹயாமா சிரித்தான். "உனக்கு விவரமே பத்தாதுப்பா. கப்பலைக் குறைக்கவே முடியாதுன்னு நீ எழுதுவேன்னு நெனச்சாரு. படை சின்னதானா அவரு எப்படி அட்மிரல் ஆவாரு?"

நவம்பர் 2

காலுறை அனுப்பினேன்.

1920 ஜனவரி 28

யசுகி வந்துவிட்டான், வெள்ளைத் துணி சுற்றிய சாம்பல் பெட்டியில். காய்ச்சலாம். அம்மா மடியில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு லேசா இருக்கானே" என்றாள். ஐயோ!

காலுறைப் பொட்டலமும் பிரிக்காமல் திரும்பி வந்தது.

மார்ச் 11

பதினாறு கப்பல் திட்டம் என் மேஜைக்கு வந்தது. முத்திரை வைத்தேன்.

எழுத்தர் பதறிப்போனார். "ஐயா, தலைகீழா விழுந்திருச்சே! வேற தாள் கொண்டு வரட்டுமா?" என்னைப் போன்ற சின்ன அதிகாரி அப்படி வைத்து அவர் பார்த்ததில்லை.

"வேண்டாம். சரியாத்தான் விழுந்திருக்கு."

எழுத்தர் தாளை இவாட்சுகியின் அறைக்கு எடுத்துப் போனார்.

மார்ச் 15

திட்டம் மேலே போய்விட்டது. எனக்கு வடகோடித் துறைமுகம் ஒன்றுக்கு மாற்றல்; நிலக்கரிக் கிடங்கு மேற்பார்வை. அங்கே குளிர் அதிகமாம். யசுகியின் காலுறைகளைப் பெட்டியில் எடுத்து வைத்தேன்.