கரீபியன் தீவு வேண்டாம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். தீவு ஓட்டலில் கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று நேற்று உங்களோடு மல்லுக்கு நின்றேனே, அந்தக் கோபம் இல்லை. காலையில் டாக்டர் போன் பண்ணினார். "உங்க இதயத்துக்கு விமானப் பயணம் ஆகாதும்மா. இந்த வருஷம் மட்டுமில்ல, இனிமே எப்பவுமே" என்றார். உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எனக்காக இந்த வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்து, குளத்துத் தண்ணீரில் பாதியைக் குடித்தீர்களே!

சாயங்காலம் டிராவல்ஸ்காரர் வருவார். கரீபியன் தீவு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால், லீவு கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும்.

பி.கு: கடல் படம் போட்ட அவருடைய புத்தகத்தையும் கொடுத்தனுப்பிவிடுங்கள். நான் திரும்பி வரும்போது அது மேசைமேல் இருக்க வேண்டாம்.