கட்டை முழுகும் நாள்

சிலிபின், ஈப்போ
12.9.1982

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் நவமணி எழுதுவது. நானும் பாப்பாவும் தொட்டியில் இருக்கும் உங்கள் மீன்களும் ஒருவர் குறையாமல் சுகம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெயிலில் நிற்கிறீர்களே, தலையில் துணி கட்டிக்கொள்கிறீர்களா? ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் வருவதில்லை.

முதலில் உங்கள் கட்டையின் கதை. லீவில் வந்தபோது ஆற்றோரம் ஒதுங்கிக் கிடந்ததைப் புதையல் மாதிரி தோளில் தூக்கி வந்து, "மீன் தொட்டியில போடு நவமணி, கறுப்பன் மீனுக்கு ஒளிஞ்சுக்க எடம் வேணும்லா" என்றீர்கள். ரயில் ஏறும்போது, "இந்தக் கட்டை தானா முழுகுற அன்னிக்கு நான் சிங்கப்பூர முடிச்சிட்டு வந்துருவேன்" என்று வேறு பாப்பாவிடம் சொல்லிவிட்டீர்கள். ஐயாவுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவது சுலபம். கட்டையைச் சாயம் இறங்க வேக வைத்து, தண்ணீர் குடித்துத் தானாக முழுகும்வரை ஊறப் போடுவது யார்?

சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்தேன். நகம் பட்டு உதிர்ந்த இடத்தையெல்லாம் கத்தியால் செதுக்கி எறிந்தேன். ரப்பர் மரமாக இருந்து தொலைக்குமோ என்று ஒரு பயம். தோட்டத்தில் கிழட்டு மரங்களுக்கு விஷ மருந்து பூசிச் சாகடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா நான். உங்கள் தம்பி பத்துமலைதான் தட்டிப் பார்த்து, "இது காட்டு மரம் அண்ணி, இரும்பு மாதிரி இருக்கு" என்றார். ஊறவைக்க என்று அவரே தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு டிரம்மும் உருட்டி வந்தார். மூடியைத் திறந்ததும் ரப்பர் பால் உறைய ஊற்றுகிற திராவக வாடை மூக்கில் ஏறியது. அண்ணன் மீனைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அவருக்கு இரண்டு வரி நல்லபடியாக எழுதுங்கள்.

கொல்லையில் விறகடுப்பு மூட்டிப் பெரிய பானையில் வேக வைத்தேன். பானைக்குள் பாதிதான் போகும். ஒரு முனை வெந்ததும் திருப்பி மறு முனை. பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா வேலியில் சாய்ந்துகொண்டு, "அடி யம்மாடி, புருசன் ஊர்ல இல்லைன்னா கட்டைக்கா சூப்பு வைப்பே?" என்று கேட்டு ஒரே சிரிப்பு. தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கியது. பிறகு பாப்பாவைக் குளிப்பாட்டிய பேசினில் ஊறப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றினேன். நிறம் வெளுக்க வெளுக்க எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் கட்டை மட்டும் அமுக்க அமுக்க மேலே வந்தது. பிடிவாதத்தில் அப்படியே நீங்கள்.

மீன் கடை முதலாளி தவுக்கே, "கல்லு கட்டு லா, லெக்காஸ், சீக்கிரம் முழுகும்" என்றார். பாப்பாவும், "கல்லு கட்டலாம்மா, அப்பா சீக்கிரம் வந்துருவாரு" என்று முற்றத்தில் தேடித் தேடிக் கல் பொறுக்கி வந்தாள். நான் ஒப்பவில்லை. கல்லைக் கட்டி இறக்கினால் அது தானாக முழுகினதாகுமா, சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். ஒன்றை மறைத்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் கட்டை முழுகியிருந்தது. பேசினின் அடியில் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தாள். உடனே உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஈரக் கையோடு பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது தபால்காரர் மணி அடித்தார். வாசித்தேன். பிறகு கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக் கூண்டின் தகரத்து மேல் வெயிலில் காயப் போட்டேன். பாப்பாவின் முன்னால் உங்கள் வாக்கு பொய்யாகிவிடக் கூடாதே என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஏம்மா எடுத்தே என்று அவள் கேட்டதற்கு, வெயில் காட்டினால்தான் கட்டைக்கு நல்லது என்றேன். நல்ல வெயில் அடித்தது. காய்ந்ததும் மறுபடி தண்ணீரில் போட்டேன். மிதந்தது. பாப்பாவுக்கு முகம் வாடிப் போயிற்று. அவள் தூங்கின பிறகு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். கறுப்பன் இன்னும் காற்றுக் குழாய்க்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறான்.

அங்கே நீங்கள் யாருக்காக உழைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அதனால் போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ நான் சொல்லப் போவதில்லை. கல்லைக் கட்டி இழுக்க மாட்டேன் என்று கட்டைக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

ஆனால் இன்று காலை பார்த்தேன் மச்சான், ஒரு முனை மறுபடி கீழே இறங்கிவிட்டது. பாப்பாவும் பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை அதை வெளியே எடுத்துக் காயப் போட என்னால் முடியாது.

முருகன் உங்களை வெயிலிலும் உயரத்திலும் பத்திரமாக வைத்திருக்கட்டும். தலையில் துணி கட்டுங்கள்.

என்றும் உங்கள்,
நவமணி