இடது காலுக்கு முப்பத்திரண்டு கிலோ

மார்ச் 3

இருபத்துமூன்று கிலோ. முட்டியில் அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியும் இடது காலின் பலம் அவ்வளவுதான். வலது கால் நாற்பது தள்ளுகிறது. இந்த மாதக் கடைசிக்குள் இடது கால் முப்பத்திரண்டைத் தொட்டால்தான் கிரேன் ஏணியில் என்னை ஏறவிடுவார்களாம். இல்லையென்றால் ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி எண்ண வேண்டியதுதான். "உங்களுக்குப் பதிலா வர்றவரையே நிரந்தரமா போட்டுருவோம்" என்றார் இன்ஜினியர், சிரித்துக்கொண்டே. ஆறு வருடம் சண்டை போட்டு வாங்கிய கிரேன் கேபின். சிரிப்பு வேறு.

மார்ச் 5

பிசியோ பொண்ணு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் பெல்ட் போட்டு, பின்னால் மேசைக்காலில் கட்டிவிட்டு, கால் நகராமல் முன்னே தள்ள வேண்டும். பத்து எண்ணும் வரை. பத்து தடவை. தினம் மூன்று வேளை. வீட்டில் கனமான மேசை என்றால் என் வீட்டுக்காரருடைய தையல் மேசைதான்.

மார்ச் 6

அக்கா வீட்டுக்காரர் கரண்ட் மெஷினோடு வந்தார். தொடையில் நான்கு ஒட்டு ஒட்டி, திருகைத் திருப்பினால் தசை தானாக இறுகுகிறது. "படுத்துக்கிட்டே கால் தேறிரும், பாரும்மா" என்றார் அத்தான். நியாயம்தானே? கேபினில் நான் லீவரைத் தள்ளுகிறேன், மோட்டார் இரண்டு டன்னைத் தூக்குகிறது. நானா தூக்குகிறேன்?

மார்ச் 9

திருகு ஏழில். தொடை மீன் மாதிரி துள்ளுகிறது. பெல்ட் மேசைக்காலில் சும்மா தொங்குகிறது.

மார்ச் 14

இருபத்துநான்கு. இத்தனை துள்ளியும் ஒரே கிலோ!

"அக்கா, வீட்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டாள் பிசியோ பொண்ணு. சொன்னேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தசை எழும்பாம கிடந்தப்ப மெஷின் நல்ல துணை. ஆரம்பத்துல நானே போட்டேன்ல? இப்ப தசை எழும்புது. நீங்கதான் கூப்பிட மாட்டேங்குறீங்க."

கூப்பிடாமலா இருக்கிறேன்? எனக்கு என்ன ஆசையா, ஸ்டோரில் உட்கார?

இதை யார் படிக்கப்போகிறார்கள், உண்மையையே எழுதுகிறேன். பயம். ஏணியில் இறங்கும்போது முட்டிக்குள் கேட்ட அந்த 'டக்' — நானாகத் தள்ளினால் மறுபடி கேட்டுவிடுமோ என்று. மெஷின் இழுத்து ஏதாவது ஆனால் பழி மெஷின் மேல். நான் தள்ளி ஆனால்?

மார்ச் 15

பெல்ட். மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிட்டேன். அழுகை வந்துவிட்டது. அவர் தையலை நிறுத்திவிட்டு, "நான் எண்ணுறேன். நீ தள்ளு" என்றார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிதானமாக ஊசிக்கு நூல் கோர்க்கிறார், பாவி.

மார்ச் 22

இருபத்தொன்பது. டக் கேட்கவில்லை.

நேற்று நான் தள்ளியதில் மேசை ஒரு விரல் நகர்ந்து, யாருடைய சட்டையோ, காலர் கோணிவிட்டது. "இனிமே சொல்லிட்டு உதை, தாயே" என்றார். பிரித்துத் தைக்கும்போது முணுமுணுக்கக்கூட இல்லை.

மார்ச் 28

முட்டாள். முட்டாள்.

இன்று அளவெடுக்கும் நாள். விடியும் முன்பே எழுந்துவிட்டேன். கால் சூடேறட்டும் என்று — யார் சொன்னார்கள் எனக்கு? — மெஷினை எடுத்து, ஒன்பதில் வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டேன்.

இருபத்தாறு. மறுபடி தள்ளினேன், இருபத்தைந்து.

"காலைல மெஷின் போட்டீங்களா?" என்றாள் பிசியோ பொண்ணு. தலையாட்டினேன். "தசை களைச்சுப்போச்சுக்கா. முப்பத்தொண்ணாம் தேதி வாங்க. அதுதான் கடைசி. அதுக்கு மேல என் கையில இல்ல."

வீட்டுக்கு வந்ததும் மெஷினை மூட்டை கட்டினேன்.

மார்ச் 29

மெஷினைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன்.

"ஏம்மா, வேலை செய்யலையா?" என்றார் அத்தான்.

"அது நல்லாத்தான் செஞ்சுது அத்தான். நான்தான் செய்யல."

மார்ச் 30

காலுக்கு ஓய்வு. பிசியோ பொண்ணின் கட்டளை. சும்மா இருப்பது பெரிய கொடுமை. மூன்று தடவை அவரிடம் எரிந்துவிழுந்தேன்.

மார்ச் 31, காலை

மூன்று முறை தள்ளவிடுவார்கள். அவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எண்ணுவதற்கு ஆள் வேண்டாம், நானே எண்ணிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2

கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே இன்னும் வண்டி வரவில்லை.

எனக்குப் பதிலாக ஓட்டியவர் குள்ளம் போல. இருக்கையை முன்னுக்கு இழுத்து வைத்திருந்தார். முட்டி லீவரில் இடித்தது. பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், தடத்தில் சிக்கி அசைய மாட்டேன் என்றது. கீழிருந்து ஆளைக் கூப்பிடலாம் என்று வாக்கிடாக்கியை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன்.

இடது பாதத்தை எதிரே இருந்த பலகையில் ஊன்றித் தள்ளினேன். ஐந்து எண்ணுவதற்குள் இருக்கை நகர்ந்துவிட்டது.